பூங்காவில் ஞாயிறு சிரமதானம்: முதன்முறை வருகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் சிரமதானத்துக்கு, அதாவது ஊரார் கூலியில்லாமல் கூடிச் செய்யும் துப்புரவு வேலைக்கு, ஆள் சேர்ப்பது கஷ்டமே இல்லை. வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் இருபது பேர் வந்து நிற்பார்கள், அதில் நாலு பேர் கையில் கத்தியோடு. கஷ்டம் பத்தரை மணிக்குத்தான் ஆரம்பிக்கும். வாசலில் மூட்டை மூட்டையாகக் குப்பை அடுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குப்பை ட்ரெக்டர் ஓடாது என்பது அப்போதுதான் யாருக்காவது ஞாபகம் வரும். இரவில் நாயும் பன்றியும் மூட்டைகளைக் கிழிக்கும். திங்கள் விடியப் பார்த்தால், மரத்தடியில் கிடந்த குப்பை வாசலில் கிடக்கும்.

அதனால் முதல் டொஃபி உறையைக் குனிந்து எடுக்கும் முன்பே, கடைசி மூட்டை யாருடைய வண்டியில் ஏறி எங்கே போகும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இடம் யாருடைய பொறுப்பு?

பொதுப் பூங்காதானே, போய்க் கூட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கேட்பார்கள். விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் பெயர் சூட்டப்பட்ட நுவரெலியா விக்டோரியா பூங்கா மாநகர சபையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போக டிக்கெட் எடுக்க வேண்டும். ஹக்கலைப் பூங்கா தேசிய தாவரவியல் பூங்காக்கள் திணைக்களத்துடையது. கண்டி உடவத்தகலை வனத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. ஹோர்ட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில். அங்கே வாசலிலேயே பையைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் கிடக்கும் போத்தல்களைப் பொறுக்க ஆசைப்பட்டால் அது ரயில் பாதை. அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து மைதானம், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்துச் சிறுவர் பூங்கா என்றால் கதை வேறு. அங்கே தோட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். குப்பையை எடுப்பது யார் என்பதுதான் சிக்கல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளுக்கும் சபைகள் சேவை செய்ய வழி பிறந்தது. இன்னமும் யாராவது ‘தோட்டத்துக்குள்ள எங்க வண்டி வராது’ என்றால், அந்தத் திருத்தத்தை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். குரலை உயர்த்த வேண்டாம். மூட்டை ஏற வேண்டிய வண்டி அவர்களுடையது.

ஒரு பக்கக் கடிதம் போதும். மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு, நகர சபை, பிரதேச சபை என்றால் செயலாளருக்கு. தமிழிலேயே கொடுக்கலாம், அது நம் உரிமை. சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் மேசைக்கு மேசை வேகமாக நகரும் என்பது அனுபவம். எந்த இடம், எந்த நாள், எத்தனை பேர், எத்தனை மூட்டை வரக்கூடும் என்று எழுதுங்கள். பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிராம உத்தியோகத்தருக்கும் ஒவ்வொரு பிரதி. 2025 ஜனவரியில் அரசாங்கம் தொடங்கிய ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்துக்குப் பிறகு சபைகளில் இப்படிப்பட்ட கடிதங்களுக்கு முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘சேர், மூட்டைகள எங்க வைக்கிறது? வண்டி எத்தன மணிக்கு வரும்?’ முடிந்தால் ட்ரெக்டர் ஓட்டும் அண்ணனின் இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு இலக்கம் பத்துக் கடிதத்துக்குச் சமம்.

நாள் குறிப்பது

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறுதான் தோது. ட்ரெக்டர் திங்கள்தான் வரும் என்றால், மூட்டைகளை ஓர் இரவு பூட்டிவைக்க இடம் கேளுங்கள். காவலாளியின் அறைக்குப் பின்புறமோ கோயில் மண்டபத்து ஓரமோ கிடைக்கும். போயா (பௌர்ணமி) தினம் லீவுதான், ஆனால் பூங்காவில் கால் வைக்க இடமிருக்காது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலக் கூட்டம் கலைந்த வாரமும், சிவனொளிபாதமலைப் பக்கம் வெசாக்கோடு யாத்திரைக் காலம் முடிந்த வாரமும் கை அதிகம் தேவைப்படும் நாட்கள்.

மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். வருடக் கடைசியில் வடகீழ் பருவமழை ஊவாவைப் பிடிக்கும். தேயிலைக்குத் தரம் ஏறும் மாதங்களே நமக்கும் நல்ல மாதங்கள்: மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர். ஒக்டோபர், நவம்பரில் பகலுக்குப் பிறகு இடிமழையை எதிர்பார்த்தே திட்டம் போடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் வெட்டுமேடு, ஓடைக்கரை எதற்கும் போக வேண்டாம். நாளைத் தள்ளிப் போடுங்கள்.

கொண்டுவர வேண்டியவை

மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை கண்ணாடிக்குத் தாங்காது. தடித்த ரப்பர் அல்லது தோல் கையுறை வேண்டும். காலுக்கு மூடிய சப்பாத்து, செருப்பு கூடவே கூடாது. மூங்கிலைப் பிளந்து செய்த இடுக்கி கடையில் விற்கும் இடுக்கியைவிட ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். கறுப்புக் குப்பைப் பை முள்ளில் மாட்டி ஒரே நிமிடத்தில் கிழிந்துவிடும். கழுவிய உரப்பைதான் சரி. உடைந்த கண்ணாடிக்கு மூடியுள்ள காலிப் பெயின்ட் வாளி. கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கு வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். ஈரப் புல்லில் முழங்கால் போட்டு பெஞ்சுக்கு அடியில் கை விடும்போது அதன் அருமை தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிரமதானம் முடிந்த இடத்தில் இருபது சோற்றுப் பெட்டியும் இருபது தண்ணீர்ப் போத்தலும் புதிதாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வாளியில் தண்ணீர், வீட்டுக் கோப்பை, டின்னில் ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும்.

பொறுக்கும் முறை

சரிவில் எல்லோரும் ஒரே மட்டத்தில், கொழுந்து மலையில் நிரை பிடிப்பது போல நின்று பக்கவாட்டில் நகருங்கள். ஒருவருக்கு மேலே ஒருவர் நிற்கக் கூடாது. மேலே நிற்பவர் காலில் இடறும் கல் கீழே நிற்பவர் தலைக்குத்தான் வரும். இரண்டு பேருக்கு ஒரு மூட்டை, கண்ணாடி வாளி பெரியவர்கள் கையில் மட்டும். பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரின் கையொப்பம் வாங்கிக்கொண்டு, புல்வெளியில் தாள், மூடி பொறுக்க விடுங்கள்.

பெரிய போத்தல்களை எல்லோரும் எடுப்பார்கள். சிகரெட் அடிக்கட்டை, ஷம்பூ சஷேயின் கிழித்த மூலை, போத்தல் மூடி, இவற்றைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். சிகரெட் வடிகட்டி பஞ்சு போலத் தெரிந்தாலும் பிளாஸ்டிக் வகைதான்; மழை அதை ஓடைக்கு இழுத்துப்போகும். நுவரெலியாவின் ஓடைகள் நானுஓயாவாகி, கொத்மலை ஓயாவில் விழுந்து, மகாவலியில் சேர்கின்றன. நாம் விடுவது கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில்.

கவிழாமல் நிமிர்ந்து கிடக்கும் யோகட் கப்பை உடனே மூட்டையில் போடாதீர்கள். உள்ளே எட்டிப் பாருங்கள்: இரண்டு விரல் தண்ணீரில் நூல் துண்டுகள் போல ஏதோ நெளிந்தால் அது நுளம்புக் குடம்பி. தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், கானில் (வடிகாலில்) அல்ல. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே கப்பின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கப்பை நசுக்கித்தான் மூட்டையில் போட வேண்டும். 2017இல் இந்த நாட்டில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 1,86,000ஐத் தாண்டியது. யோகட் கப், தேங்காய்ச் சிரட்டை, டயர், இந்த மூன்றையும் கண்டால் விடாதீர்கள்.

குளவிக்கு நம் ஆட்களுக்குப் பயம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டவுனிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும். புதரை ஆட்டுவதற்கு முன் கிளைகளை ஒரு தடவை பாருங்கள். கூடு கண்டால் கல் எறிவது, புகை போடுவது எதுவும் வேண்டாம்; எல்லோரையும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, காவலாளியிடம் சொல்லுங்கள். கொட்டினால் முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுவதுதான் வழி. மூச்சுத் திணறினாலோ உடம்பு வீங்கினாலோ உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு இல்லை. அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், விழுந்துவிடும். ஊசி, இனம்தெரியாத மருந்துப் போத்தல் கண்டால் கை வைக்க வேண்டாம். இடத்தை அடையாளம் செய்து பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள்.

கத்தி கொண்டுவந்த நாலு பேரிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். பூங்காவைத் துப்புரவு செய்வதும் பற்றையை வெட்டி வழிப்பதும் ஒன்றல்ல. விக்டோரியா பூங்காவில் ஓடையோரம் பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈபிடிப்பானையும் ஆறுமணிக்குருவியையும் தேடி வெளிநாட்டுக்காரர்கள் கமெராவோடு வந்து நிற்பது அந்தப் பற்றைக்கு முன்னால்தான். குப்பையை இடுக்கியால் எடுங்கள், பற்றையை அப்படியே விடுங்கள்.

குப்பை போலத் தெரிந்தாலும் குப்பை அல்லாதவை

இந்தப் பகுதியை வெளியூர் ஆட்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு கல், பக்கத்தில் வளைந்த சூலம், கரிந்த அகல் விளக்கு, காய்ந்த எலுமிச்சை இருந்தால் அது யாரோ ஒருவரின் சாமி. அதைச் சுற்றிக் கிடக்கும் கற்பூர உறை, சாம்பிராணிப் பெட்டி, எண்ணெய்ப் போத்தல் எல்லாம் குப்பைதான். ஆனாலும் பூசாரியிடமோ பக்கத்து லயத்தில் பெரியவர்களிடமோ கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் ‘எடுங்க தம்பி, புண்ணியமாப் போகும்’ என்பார்கள். கேட்காமல் எடுத்தால் அடுத்த தடவை அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட வரமாட்டார். சிவனொளிபாதமலைப் பாதையில் யாத்திரிகர்கள் கட்டிவிட்டுப் போகும் வெள்ளை நூலும் அப்படித்தான். அதைத் தொடுவது கோயிலில் பொறுப்பாக இருப்பவர்கள் சொன்ன பிறகு.

பாறையிலும் மரத்திலும் காணும் பெயின்ட் அடையாளங்களில் பல உத்தியோகபூர்வமானவை: நில அளவைக் குறி, வன எல்லை, மரத்தின் இலக்கம், வெடிப்பை அளக்கச் சுவரில் போட்ட கோடு. இலக்கமும் அம்புக்குறியும் ஒழுங்காக இருந்தால் அழிக்க முன் சபையில் கேளுங்கள்.

கிறுக்கல்கள்

நம் பக்கத்துப் பூங்காக்களில் பெரிய ஸ்ப்ரே பெயின்ட் எழுத்துகள் குறைவு. மார்க்கர் பேனையால் எழுதிய இரண்டு பெயர், அம்பு துளைத்த இதயம், சாவியால் கீறிய வருடம், வெற்றிலைத் துப்பல், பழைய போஸ்டர் இவைதான் பெரும்பாடு. முதலில் படம் எடுங்கள். பிறகு எழுத்தைப் பார்க்காமல் அது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். எந்த மருந்தையும் உள்ளங்கை அளவு ஓரத்தில் பூசிச் சோதித்த பிறகே முழுக்கப் பூச வேண்டும்.

எனமல் அடித்த இரும்பு பெஞ்சில் மார்க்கர் என்றால் துணியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். தின்னர் வேகமாக வேலை செய்யும், பெஞ்சின் பெயின்டையும் சேர்த்து எடுத்துவிடும். சிறுவர்களின் பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் தின்னரைக் காட்டவே வேண்டாம், மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்துப் போகும்.

இமல்ஷன் அடித்த சுவரில் சவர்க்காரத் தண்ணீருக்குப் போகாத எழுத்தை மூடிப் பூசுவதுதான் வழி. நேரே இமல்ஷன் அடித்தால் மார்க்கர் மையும் ஸ்ப்ரேயும் மேலே கசிந்து வரும். முதலில் கறையை அடைக்கும் பிரைமர் ஒரு பூச்சு, காய்ந்த பின் இமல்ஷன் இரண்டு பூச்சு. எழுத்து இருந்த சதுரத்தை மட்டும் பூசிவிட்டு வராதீர்கள். வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும் அந்தச் சதுரம் அடுத்த ஆளை எழுதக் கூப்பிடும். மூலைக்கு மூலை முழுப் பகுதியையும் பூசுங்கள். நிறத்தின் பெயரைச் சபைக் களஞ்சியத்தில் கேட்டு வாங்கலாம். நுவரெலியாக் குளிரில் காலை ஏழு மணிக்குப் பெயின்ட் வாளியைத் திறப்பதில் பிரயோசனம் இல்லை. சுவரில் கையை வையுங்கள், ஈரம் ஒட்டினால் பொறுங்கள். பத்து மணிக்குத் தொடங்கி, பின்னேரப் பனிமூட்டம் இறங்க முன் முடித்துவிட வேண்டும்.

பூச்சில்லாத சீமெந்துக்கு நைலோன் தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும். கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள் சுவரில் தங்கித் துருப்பிடிக்கும், கீறிய இடத்தில் பாசி ஏறும். கருங்கல்லுக்கும் பழைய கட்டடங்களுக்கும் அமிலம், கிரைண்டர் இரண்டும் ஆகாது. தொல்பொருள் திணைக்களத்தின் பலகை உள்ள இடம் என்றால் தூரிகையைக்கூட எடுக்காதீர்கள்; அழிப்பதற்கும் அவர்கள்தான் வர வேண்டும். 2015இல் சீகிரியாக் கண்ணாடிச் சுவரில் பெயர் கீறியதற்கு ஓர் இளம் பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு ஜனாதிபதி மன்னிப்பில்தான் வெளியே வந்தார். சட்டம் அவ்வளவு கடுமை. மரப்பட்டையில் கீறிய பெயருக்கு மருந்து கிடையாது. சீமெந்து அப்புவதும் பெயின்ட் அடிப்பதும் மரத்துக்கு இரண்டாவது காயம்.

வெற்றிலைக் கறை தனிக் கலை. சுண்ணாம்பு சேர்ந்துதான் அந்தச் சிவப்பே வருகிறது. சவர்க்காரத் தூளும் கார வகை என்பதால் அதைப் போட்டுத் தேய்த்தால் சிவப்பு இன்னும் ஏறும். முதலில் வெறும் தண்ணீர். பிறகு தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலோன் தூரிகையால் தேயுங்கள். கறை இளகி மஞ்சளிக்கும். பழைய கறை முழுக்கப் போகாது. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் மார்பிளிலும் புளிப்புப் படக்கூடாது, மேற்பரப்பை அரித்துவிடும். சுண்ணாம்புச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடிப்பதுதான் மருந்து. பிளீச்சையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும்.

போஸ்டரை வெந்நீரால் நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மாப்பசை இளகும், பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டலாம். தேர்தல் நேரத்துப் போஸ்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். நீங்கள் கிழித்தது ஒரு கட்சியுடையதாகத்தான் இருக்கும், நீங்கள் அடுத்த கட்சி ஆள் ஆகிவிடுவீர்கள். பொலிஸ் கழற்றட்டும். இனத்தையோ மதத்தையோ இழிவாக எழுதியிருந்தால் படம் எடுத்துச் சபைக்கும் பொலிஸுக்கும் அறிவித்துவிட்டு, அவர்கள் சரி என்றதும் அன்றைக்கே அதை முதல் வேலையாக அழியுங்கள்.

சுவரில் படம் வரைந்தால் யாரும் கிறுக்கமாட்டார்கள் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் அப்படி வரைந்தார்கள். அனுமதி வாங்கினால் நல்லதுதான். ஆனால் மலையக ஈரத்தில் பெயின்ட் உரியும். திரும்பப் பூச ஆளும் காசும் இல்லாவிட்டால் வெள்ளைச் சுவரே மேல் என்பது என் அபிப்பிராயம்.

மூட்டை கட்டிய பிறகு

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நிற முறை தெரிந்திருக்கட்டும்: உணவுக் கழிவுக்குப் பச்சை, தாளுக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். பூங்காவில் அவ்வளவு பிரிக்க முடியாது. சுத்தமான பிளாஸ்டிக் போத்தலும் டின்னும் ஒன்று, சேறு பிடித்த பொலித்தீன் ஒன்று, கண்ணாடி ஒன்று என்று மூன்றாகப் பிரித்தால் போதும். உடையாத வெற்றுச் சாராயப் போத்தல்களைப் பழைய சாமான் வாங்கும் கடைக்காரர் எடுப்பார். அந்தக் காசில் அடுத்த தடவைக்குக் கையுறை வாங்கலாம். ‘கொஞ்சம்தானே’ என்று மூலையில் குவித்து எரிக்கவோ குழி தோண்டிப் புதைக்கவோ யாரையும் விடாதீர்கள். ஆர்வமாக ஒருவர் தீப்பெட்டியோடு நிற்பார், அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

எந்த இடத்தில் என்ன அதிகம் கிடந்தது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். பஸ் தரிப்பிடப் பக்க வேலியோரம் சோற்றுப் பெட்டியாகவே கிடந்தால், அங்கே தொட்டி இல்லை என்று அர்த்தம். முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு, ‘இந்த இரண்டு இடத்தில் மூடியுள்ள தொட்டி வேண்டும்’ என்று இடத்தின் பெயர் சொல்லிச் சபைக்கு எழுதுங்கள். பொதுவாகக் குறை சொல்லும் கடிதம் கோப்பில் தூங்கும். இடத்தைக் காட்டும் கடிதத்துக்குப் பதில் கேட்டுப் போகலாம்.

இடுக்கி, வாளி, தூரிகை எல்லாம் ஒரே வீட்டில் இருக்கட்டும், கையுறைகளைக் கழுவி வெயிலில் போடுங்கள். அடுத்த திகதியை பிளேன்டீ குடித்து முடிவதற்குள் குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு குழுவில் கேட்டால் எல்லோருக்கும் அன்றைக்கு ஒரு கல்யாண வீடு இருக்கும்.